நொத்தேர் ஆபீஸின் எட்டாவது கொக்கி

மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் சசிதரன் சார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் உரையில் பாதியைத் தீர்த்துவிட்ட காஜா மைதீன் நானா அவர்களே, வழக்கறிஞர் சங்கத்துப் பெரியவர்களே, நாம் இன்று நினைவுகூரும் சீனியர் சிதம்பரநாதன் அய்யாவின் குடும்பத்தினரே, கட்சிக்காரர்களே, அனைவருக்கும் ஜூனியர் பஹீமாவின் வணக்கம், ஸலாம்.

முதற்கண் ஒரு துயர அறிவிப்பு. நம் அலுவலகத்தின் சுவர்க்கடிகாரம் இன்று காலை ஒன்பது மணியளவில் பேட்டரி தீர்ந்து இயற்கை எய்தியது. குமாஸ்தா காத்தமுத்து அண்ணன் புது பேட்டரி போட்டுச் சரியான நேரம் வைத்தார். ஐந்தே நிமிடத்தில் சசிதரன் சார் நாற்காலிமேல் ஏறி, முள்ளைப் பழையபடி ஏழு நிமிடம் முன்னால் தள்ளினார். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

சிதம்பரநாதன் அய்யாவின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும் என்று, நான் சேர்ந்த அன்று உங்களில் ஒருவராவது சொன்னீர்களா? மூன்று மாதம் என் செல்போன்படி சரியாக வந்து, அய்யாவின் சுவர்ப்படி தாமதமாக நின்றேன்.

"ஏன் நானா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று, எனக்கு அண்ணன்போல இருக்கும் மூத்த ஜூனியர் காஜா நானாவிடம் கேட்டேன்.

"எனக்கு மட்டும் யாரும்மா சொன்னா?" என்றார்.

இதுதான் எங்கள் அலுவலகம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அய்யாவின் தாத்தா நொத்தேராக உட்கார்ந்து பத்திரம் பதிந்த இடம். இன்றும் நொத்தேர் ஆபீஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. அங்கே சட்டம் சொல்லித் தருவார்கள். மற்ற எதையும் சொல்ல மாட்டார்கள். கேட்கக்கூடாது என்று விதி கிடையாது. ஆனால் யாரும் கேட்பதில்லை.

அய்யா வாய்தாவுக்கும் கஞ்சம், வாய்க்கும் கஞ்சம். வழக்கைத் தள்ளிப்போட மாட்டார், வார்த்தையை வெளியே விட மாட்டார். அவரிடம் மூன்று 'ம்' இருந்தன. சின்ன 'ம்' என்றால் உட்கார். நீள 'ம்' என்றால் எழுந்து போ. மூன்றாவது 'ம்' என்ன என்பதில் ஜூனியர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

நான் எழுதிய முதல் மனு ஒரு பென்சில் புள்ளியோடு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. பதினோரு மனுக்கள், பதினோரு புள்ளிகள்.

"நானா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"நாலு வருஷம் போனா உனக்கே தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"இல்ல. ஆனா இப்பல்லாம் பயமில்ல."

பொறுப்பேனா நான்? ஒருநாள் அய்யா தாமே எழுதிய மனு ஒன்றை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அவர் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டேன். எழுபத்தொரு வயது மனிதர். அந்தப் புள்ளியை எதிரில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் போகவில்லை. நாலு மணிக்குக் காத்தமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றச் சொன்னார். மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே அஞ்சுகம் அக்கா, அவருடைய வீட்டு வழக்கு அது. அந்தத் தவறோடு போயிருந்தால் பக்கத்து மனைக்கல்லவா தீர்ப்பு வாங்கியிருப்போம்?

அங்கே தவறு இருப்பது எனக்குத் தெரியாது, அக்கா. குறும்புக்குத்தான் வைத்தேன். புள்ளி வைத்தது யார் என்று அய்யா விசாரிக்கவே இல்லை. திரும்பப் படித்தார், அவ்வளவுதான். தம் எழுத்தையே இப்படிச் சந்தேகப்பட்ட மூத்த வழக்கறிஞர் நம் ஊரில் வேறு யார்?

இனி கொக்கி. நான் சேர்ந்தபோது அலுவலகக் கதவுக்குப் பின்னால் கவுன் மாட்ட ஏழு கொக்கிகள் இருந்தன. ஒரு ஜூனியர் தேறிவிட்டார் என்று தோன்றும் நாளில், அய்யா தம் கையாலேயே கொக்கி அடித்து, வெள்ளைப் பெயிண்டில் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். பாராட்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது. காலையில் வந்தால் கொக்கி இருக்கும். அதுவரை ஜன்னல் கம்பிதான். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அடுப்படி. வஞ்சிரம் பொரித்த வாசனையோடு நான் கோர்ட்டில் நின்ற நாட்களை நீதிபதி மறந்திருக்க மாட்டார்.

சசிதரன் சாருக்குக் கொக்கி கிடைக்க ஆறு வருடம். காஜா நானாவுக்கு நாலு. எனக்குப் பதினாலே மாதம். இது அலுவலகச் சாதனை என்று நான் சொல்லாத ஆள் காரைக்காலில் இல்லை. கோட்டுச்சேரி பஸ் கண்டக்டர் வரை தெரியும்.

அய்யா போன பிறகு, இப்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சசிதரன் சார் சென்ற வெள்ளிக்கிழமை எங்களை அழைத்தார். "கொக்கி இருக்கறவங்க அய்யாவோட ஆளுங்க, இருங்க. மணிபாரதி, நீங்க வேற ஆபீஸ் பாத்துக்கறது நல்லது" என்றார். கடைசி வரிசையில் நிற்கும் மணிபாரதி எனக்கு ஆறு மாதம் முந்திச் சேர்ந்தவர். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து கவுனை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது கொக்கியை அடித்தது நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஸ் கட்டு எடுக்க வந்தபோது, கடையில் வாங்கிய கொக்கியை ஒற்றை ஆணியில் அடித்து, ஒயிட்னரால் 'ப' போட்டேன். திங்கட்கிழமை எல்லோரும் பார்த்து எல்லோரும் சிரித்துக் கைகொடுத்தீர்கள். ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் விளையாட்டு என்று சொல்லியிருப்பேன். அய்யா வந்தார், பார்த்தார், மூன்றாவது 'ம்' ஒன்று வந்தது, உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் அஞ்சுகம் அக்கா வழக்கில் குறுக்கு விசாரணையை என்னிடம் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? தெரியாமலா, தெரிந்தா? இன்றுவரை விளங்கவில்லை.

இன்று காலை அதைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்து உங்கள்முன் வைக்கலாம் என்று போனேன். வரவில்லை. நான் அடித்தது ஒரு சின்ன ஆணி. இப்போது அங்கே இருப்பவை இரண்டு பெரிய திருகாணிகள். எழுத்தும் ஒயிட்னர் இல்லை, பெயிண்ட்.

"அண்ணே, இது அய்யா செஞ்சதா, நீங்க செஞ்சதா?" என்று காத்தமுத்து அண்ணனைக் கேட்டேன்.

"ம்" என்றார்.

அய்யா, உங்கள் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் இங்கே உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். என் எழுத்துக்கு நானே புள்ளி வைத்துக்கொள்வேன். அடுத்து வரும் ஜூனியருக்கு, கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சசிதரன் சார், சாதனை எதுவும் இல்லை. மணிபாரதிக்கு இல்லாத இடம் எனக்கும் இல்லை. ஆனால் அந்தக் கொக்கியில் தொங்கி இழுத்துப் பார்த்தேன், இரண்டு கவுன் தாராளமாகத் தாங்கும். நாளைக்கு அதைக் கழற்ற நான் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரட்டுமா, இல்லை மணிபாரதி தம் கவுனைக் கொண்டுவரட்டுமா? தயவுசெய்து இதற்கு மட்டும் 'ம்' என்று சொல்லிவிடாதீர்கள், சார்.