ஆற்றுக்குள் நாலு கால்

மருமகள்: அத்தை... அத்தை! கூடாரத்துக்குள்ள யாரோட சண்டை?

அத்தை: இந்த ஜிப்போடதான். முப்பது வருஷமா தையல்கடையில ஜிப்பு வச்சுத் தைக்கிறவ நான்... என்னையே உள்ள வச்சுப் பூட்டுது பாரு.

மருமகள்: கீழேருந்து இழுங்க... மேல இல்ல, கீழ... ஆங், வந்துட்டீங்க. தலையப் பாருங்க, காக்காக் கூடு மாதிரி!

அத்தை: உன் தலை மட்டும் என்னவாம்?... ஏய், ஆறு எங்கடி போச்சு?

மருமகள்: அங்கதான் இருக்கு. விடியக்காலப் பனி மூடியிருக்கு. சத்தம் கேக்குதுல்ல?

அத்தை: கேக்குது... யாரோ பட்டுத்துணிய மெதுவா இழுத்துக்கிட்டே போற மாதிரி.

மருமகள்: உங்களுக்கு எதக் கேட்டாலும் துணிதான். கையக் குடுங்க, கல்லு வழுக்கும். இப்படி உக்காருங்க... கால உள்ள விடுங்க.

அத்தை: ஐயோ, ஜில்லுங்குது! தூக்கிவிடு... இல்ல, வேணாம், வேணாம். இப்படியே இருக்கட்டும்.

மருமகள்: எப்படி இருக்கு?

அத்தை: மெஷின மிதிச்சு மிதிச்சுக் கனத்துப் போன காலு... இப்ப எடையே இல்ல. என் காலுதானா இது?

மருமகள்: அது என் காலு. உங்களோடது அந்தப் பக்கம்.

அத்தை: போடி!... ஏய், என்னமோ கடிக்குது!

மருமகள்: மீன்குஞ்சு. அசையாதீங்க, தானே போயிரும்.

அத்தை: இப்ப வெள்ளையா ஒண்ணு போச்சே... பாத்தியா?

மருமகள்: பாக்கலையே. கொக்கா?

அத்தை: தெரியல... றெக்கைச் சத்தமே இல்ல. அக்கரைன்னு ஒண்ணு இருக்கான்னுகூடத் தெரியல. மேகத்துமேல உக்காந்த மாதிரி இருக்குடி.

மருமகள்: மேகத்துல மீன்கூட இருக்கு.

அத்தை: என் மகனும் வந்திருந்தா, குறட்டை விட்டே அத்தனை மீனையும் விரட்டியிருப்பான்.

மருமகள்: அவருக்கு... ஆபீஸ்ல வேலை, அத்தை.

அத்தை: ஆமாமா. வேலைதான்... போர்வைக்குள்ள வா.

மருமகள்: குளிரல.

அத்தை: வான்னா வா... அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் மேல, அருவிப் பக்கம் போவமா?

மருமகள்: அடுத்த மாசமா...

அத்தை: ஏன், லீவு குடுக்க மாட்டாங்களா?

மருமகள்: அது இல்ல. அத்தை... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து பஸ்ஸுலயே சொல்லியிருக்கணும். நீங்க வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தீங்களா... வாய் வரல.

அத்தை: சொல்லு.

மருமகள்: எங்களுக்கு... விவாகரத்து ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமை கோர்ட்டுல தீர்ப்பு குடுத்துட்டாங்க. இனிமே உங்கள அத்தைன்னு கூப்பிட எனக்கு...

அத்தை: செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவன் போன்ல சொல்லிட்டாண்டி. புதன்கிழமை காலையில, கடையக்கூடத் திறக்காம, இந்தக் கூடாரத்துல தங்கப் பேரு குடுத்தேன்... நம்ம ரெண்டு பேரு பேர மட்டும்.