கோடைக்கால நீலம்

வண்டிக் கண்ணாடியைக் கழுவப் பீய்ச்சும் வைப்பர் தண்ணீருக்கு ஏன் நீலச் சாயம் கலக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோடைக்கு விற்பதும் நீலம், குளிர்காலத்துக்கு விற்பதும் நீலம். பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி வைத்தால் கடைக்காரனுக்கே எது எதுவென்று தெரியாது. ஒன்று மைனஸ் முப்பது டிகிரிக் குளிரிலும் உறையாது. மற்றது லேசாகக் குளிர்ந்தாலே கல்லாகிவிடும். உயிர் போகிற விஷயத்தை இவ்வளவு அலட்சியமாக விட்டிருக்கிறார்கள்.

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மழலையர் பள்ளி பஸ்ஸில் இருந்த குளிர்காலத் தண்ணீரை வடித்துவிட்டுக் கோடைக்காலத் தண்ணீரை ஊற்றியவன் நான்தான். கேட்டிருந்தால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மிகாமி இறந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் செய்தது சரியா தவறா என்று முடிவுகட்டும் முன் நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் பாதுகாப்பைத் தவிர வேறெதுவும் என் மனதில் இருந்ததில்லை.

அந்த பஸ்ஸை நான் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஒபிஹிரோவுக்கு வடக்கே எங்கள் பக்கத்துச் சாலைகள் உங்களுக்குத் தெரியும். கோடு போட்டது மாதிரி நேராகப் போகும், இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிய பனிச்சுவர். பால் டாங்கரும் பீட்ரூட் லாரியும் தவிர வேறு வண்டி அதிகம் கிடையாது. ஆனால் அந்த லாரிகள் போதும். சாலையில் தூவிய உப்போடு சேர்ந்த சேற்றை வாரி உங்கள் கண்ணாடியில் அப்பிவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் கண் தெரியாதவன் கையில் ஸ்டியரிங் கொடுத்த கதைதான். வந்து, கண்ணாடியில் உறைந்தால் அதைவிட மோசம். சேற்றிலாவது அங்கங்கே ஓட்டை இருக்கும். பனிக்கட்டியில் ஓட்டை இருக்காது.

அதனால் நான் எந்தப் பாட்டிலையும் நம்பியதில்லை. தினமும் வேலை முடிந்ததும் குழாய் முனையிலிருந்து கொஞ்சம் பீய்ச்சி ஒரு டப்பா மூடியில் பிடித்து, ஷெட்டுக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்து மூடியை ஆட்டிப் பார்ப்பேன். தண்ணீர் ஆடினால்தான் பஸ் கிளம்பும். டீச்சர்கள் சிரிப்பார்கள். "ஒனோதெரா ஐயா, சாமிக்குப் படையல் வெச்சாச்சா?" என்பார் அராய் டீச்சர். சிரிக்கட்டும் என்று இருந்துவிடுவேன். என் பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கு மூக்கில்கூட அடிபட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் பள்ளியின் கேட் தூண் பஸ்ஸில் உரசியது. தூண் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நான் முன்பே சொல்லியிருந்தேன். பிரின்சிபல் ஹோரி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பச்சைத் தேநீர் கொடுத்து, ரொம்ப மரியாதையாகக் கை கழுவிவிட்டார்.

"இவ்வளவு வருஷம் எங்களுக்காக ஓட்டிட்டீங்க. இனிமே நீங்க கஷ்டப்படக் கூடாது. பாய்லரையும் வாசல் பனியையும் பாத்துக்கிட்டா போதும்."

நான் தலை குனிந்து நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்.

எனக்குப் பதிலாக வந்தவள்தான் மிகாமி. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் பால் டாங்கர் ஓட்டிக்கொண்டிருந்தவள். வண்டி ஓட்டத் தெரியாதவள் என்று நான் சொல்லமாட்டேன், இல்லாததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஓட்டுவது வேறு, பொறுப்பு வேறு. அவள் ஓட்டும்போது பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவாள். முன் கண்ணாடிக்குப் போகவேண்டிய ஹீட்டர் சூட்டைக் குறைத்துவிட்டுப் பிள்ளைகளின் கால் பக்கம் திருப்பி வைப்பாள். நான் ஒருநாள் சொன்னேன்: கண்ணாடி சில்லென்று இருந்தால் நல்ல தண்ணீரே சிலநேரம் உறைந்துவிடும்.

"பின்னாடி சீட்டுல சின்னதுங்களுக்குப் பாதம் ஐஸா கிடக்குது ஐயா. பாவமா இல்ல? கண்ணாடி என் கண்ணு முன்னாடிதானே இருக்கு, பாத்துக்கறேன்" என்றாள்.

இதைத்தான் பொறுப்பு இல்லை என்கிறேன். பாதம் சில்லிட்டால் பிள்ளை அழும், அவ்வளவுதான்.

என் பேத்தி கோஹருவும் அந்தப் பள்ளிதான், அந்த பஸ்தான். என் மகள் சதோமியின் பெண், நாலு வயது. நான் ஓட்டியபோது எனக்குப் பின்னால் இருக்கும் சீட் அவளுடையது. பிள்ளைகள் எல்லோரும் என்னை "பஸ் தாத்தா" என்பார்கள், அவளும் அப்படித்தான். வீட்டில்கூட வெறும் தாத்தா என்று கூப்பிடமாட்டாள். புது வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்து, "பனி தாத்தா" என்றாள். மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள்தானே, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் பேய் விரட்டும் பண்டிகை வந்தது. பள்ளியில் யாராவது ஒரு ஆண்பிள்ளை பேய் முகமூடி போட்டுக்கொண்டு வரவேண்டும், பிள்ளைகள் தோலோடு வேர்க்கடலையை அள்ளி எறிந்து துரத்தவேண்டும். இத்தனை வருஷமும் நான் பிள்ளைகள் பக்கம் நின்று கடலை எடுத்துக் கொடுப்பவன். இந்த முறை மிகாமி பிள்ளைகள் பக்கம். முகமூடி எனக்கு.

"ஒனோதெரா ஐயா, உங்களுக்குத்தான் குரல் கனமா இருக்கு. கொஞ்சம் உறுமுங்க" என்றார் ஹோரி அம்மா.

உறுமினேன். "பேயே வெளிய போ" என்று கத்திக்கொண்டு எல்லோரும் எறிந்தார்கள். வேர்க்கடலை வலிக்காது. ஆனால் கோஹரு எறியவில்லை, அலறிவிட்டாள். நான் முகமூடியைக் கழற்றி, "தாத்தாடா கண்ணு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டும் மிகாமியின் காலைக் கட்டிக்கொண்டு, "பஸ் அக்கா, அதை வெளிய அனுப்பு" என்றாள். அதை என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மிகாமி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, "தாத்தா பாரு, நம்ம தாத்தா" என்று காட்டினாள். எனக்கு இரக்கம் காட்டினாள். நான் கடலைத் தோலைப் பெருக்கி அள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் யோசித்தது வேறு. ஏதாவது ஒருநாள் அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி உறையத்தான் போகிறது. பாட்டு, சூடு, கவனக்குறைவு, எல்லாம் சேர்ந்து அங்கேதான் கொண்டுபோய் விடும். எப்படியும் நடக்கப்போவது, பனி கனமாக இருக்கும்போது நடந்தால் நல்லது. பஸ் பனிச்சுவரில் முட்டும், பஞ்சு மெத்தையில் முட்டியது மாதிரி நிற்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இவளுக்குப் பொறுப்பு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். பனி உருகியபிறகு நடந்தால் பஸ் வாய்க்காலுக்குள் போகும். ஆக நான் விபத்தை உண்டாக்கவில்லை, இன்ஸ்பெக்டர். தேதியை மாற்றி வைத்தேன்.

ஷெட் மூலையில் ஆகஸ்ட்டில் வாங்கிய கோடைக்காலப் பாட்டில் பாதிக்கு மேல் கிடந்தது. புதன்கிழமை சாயங்காலம் பழைய தண்ணீர் முழுவதையும் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு அதை ஊற்றினேன். அதே நீலம். ஷெட்டுக்கும் பள்ளிக்குச் சூடு தரும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒரே சுவர். பாய்லரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். டாங்கிலேயே உறைந்துவிட்டால் காலையில் பொத்தானை அழுத்தியதும் தெரிந்துவிடும் பாருங்கள். தண்ணீர் தண்ணீராகவே வெளியே வந்து, ஓடுகிற வண்டியின் கண்ணாடியில் பட்டபிறகுதான் உறையவேண்டும். இதெல்லாம் அனுபவம் இல்லாதவனுக்குத் தோன்றாது. ஜன்னல் விளிம்பில் மூடி வைக்கவில்லை. அது அவள் வேலை, என் வேலை அல்ல.

வியாழக்கிழமை காலை மைனஸ் பதினான்கு. நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். மிகாமி வந்து முன்மூடியைத் திறந்து பார்த்தாள். ஆமாம், பார்த்தாள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். உள்ளே ஏறி ஒருமுறை பீய்ச்சியும் பார்த்தாள், ஷெட்டின் சூட்டில் உறையாமல் நன்றாக வந்தது. அப்புறம் இறங்கி என்னிடம் வந்தாள்.

"ஐயா, வைப்பர் தண்ணி நேத்து பாதிதான் இருந்துச்சு. இப்ப விளிம்பு வரைக்கும் நிக்குது. நீங்களா ஊத்தினீங்க?"

"ஆமா, நான்தான்."

"அப்பாடா. அப்ப எனக்குக் கவலையே இல்ல. நீங்க ஊத்தினா அது மூடி பரீட்சை பாஸ் பண்ணினதாத்தான் இருக்கும்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றினாயா என்று கேட்டாள், ஊற்றினேன் என்றேன். எதை ஊற்றினாய் என்று அவள் கேட்கவில்லை. தன் வண்டியில் இன்னொருவர் கை பட்டிருக்கிறது என்று தெரிந்தும் ஒரு டிரைவர் அதைச் சோதிக்காமல் கிளம்பினால் அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் கை காட்டினாள், நானும் மண்வெட்டியை உயர்த்திக் காட்டினேன். பஸ் கேட்டைத் தாண்டிப் போனது. தூணை உரசவில்லை.

பிறகு நடந்ததை ஆஸ்பத்திரியில் அராய் டீச்சர் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகளோடு பஸ்ஸில் இருந்தவர் அவர், எழுந்து நின்றதில் விழுந்து மணிக்கட்டு முறிவு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் எதிரே பால் டாங்கர் வந்து சேற்றை அப்பிவிட்டுப் போயிருக்கிறது. மிகாமி தண்ணீரை அடித்திருக்கிறாள். வைப்பர் ஒரு தடவை போய்வருவதற்குள் கண்ணாடி முழுக்க வெள்ளை.

"பனி இடிஞ்சு மேல விழுந்த மாதிரி ஒரே வெளுப்பு, ஐயா. நான் கத்தவே ஆரம்பிச்சிட்டேன். அவ கத்தல. பாட்ட நிறுத்தல. பாடிக்கிட்டே பக்கத்து ஜன்னலத் திறந்து தலைய வெளிய விட்டா. அந்தக் காத்துல கண்ணத் திறக்க முடியுமா சொல்லுங்க? மெதுவா, மெதுவா கொண்டுபோய்ச் சுவருல சாத்தினா. பிள்ளைங்க அது விளையாட்டுன்னே நினைச்சிருச்சுங்க" என்றார் அராய் டீச்சர்.

பஸ்ஸின் வால் பாதி சாலையில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பிள்ளைகளின் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியில் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் சிவப்புத் தீப்பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு மிகாமி பின்னால் ஓடியிருக்கிறாள், வருகிற வண்டியை நிறுத்த. வந்தது பீட்ரூட் லாரி. பனிப்புகையில் அவனுக்கு பஸ் தெரியவில்லை, சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தான். லாரி வழுக்கி அவளை அடித்துவிட்டு, பஸ்ஸில் இடிக்காமல் கொஞ்சம் முன்பே நின்றது.

அவள் சாலையில் நின்றிருக்கக் கூடாது. பனிச்சுவரின் மேல் ஏறி நின்று தீயை ஆட்டியிருக்க வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். மற்றபடி அவள் செய்தது எல்லாம் சரி. ஜன்னலைத் திறந்தது சரி, பிரேக்கை அழுத்தி மிதிக்காதது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அப்படிப் பார்த்தால் அவளுக்குப் பொறுப்பு இருந்தது என்றே சொல்லவேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வழியில்லை.

இறுதிச் சடங்கில் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் முழுசாக இருந்தார்கள், நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அதைத்தான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பனிச்சுவர் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இதில் இறங்கியிருக்கமாட்டேன். ஒரு பிள்ளைக்காவது கீறல் விழலாம் என்று தோன்றியிருந்தால் பாட்டிலைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஆமாம், அதுவும் உண்மைதான். உங்களிடம் சதோமி சொல்லியிருப்பாள். வியாழக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பும் முன் அவளுக்குப் போன் செய்தேன். "குழந்தைக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு, இன்னிக்கு பஸ்ல ஏத்தாத, வீட்லயே வெச்சிரு" என்றேன்.

இல்லை. கோஹருவுக்கு இருமல் எதுவும் இல்லை.