முதல் பக்கம் இலவசம்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. ஏசி உண்டு, வைஃபை உண்டு. ஒரு சாத்துக்குடி வாங்கினால் மூன்று மணி நேரம் எழுப்ப மாட்டார்கள். செண்பகத்தோப்பு யானைத்தடங்கள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.

விசாரணைக் குழு கேட்பதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். தேடினால் முதலில் வரும் கட்டுரை, அதன் முதல் பக்கம், அவ்வளவுதான். மற்ற பக்கங்களுக்குக் காசு கேட்பார்கள். முதல் பக்கத்துச் சுருக்கத்தைக் கொஞ்சம் இழுத்தால் ஓர் அத்தியாயம் வரும். யானைகள் ஓடையின் வடகரை வழியாக இறங்குகின்றன என்றிருந்தது. வரைபடத்தில் வடகரைக்குச் சிவப்பு அடித்தேன்.

காட்டுப்பக்கம் ஒரே முறை போனேன், போட்டோவுக்காக. அங்கே மாந்தோப்புக் காவலாளி முத்துவீரன் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, நம்ம குடிசை செவப்புக்குள்ள கெடக்கே?"

"தென்கரைக்கு மாத்திருங்கண்ணே."

"படிச்ச பிள்ள சொல்லுதீய, மாத்திருதேன். இதையே எம் பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க."

வரைபடத்தில் ஒரு பிரதியும் கேட்டார். கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, என்னோடு ஆய்வு செய்யும் ஷெரின் முழுக் கட்டுரையையும் எங்கிருந்தோ எடுத்துவிட்டாள். எதையும் கடைசிவரை படிக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு.

"ஏலே, மூணாம் பக்கம் பாத்தியா? மாங்கா சீசன்ல அம்புட்டும் தென்கரையாம்ல. அந்த அண்ணனுக்கு உடனே போன் போடு."

அவர் எண் என்னிடம் இருந்தது. ஆனால் மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். வரைபடம் தப்பு என்று அவரிடம் சொன்னால், அத்தியாயமும் தப்பு. குடிசையை மாற்ற அவருக்கு ஒரு நாள் போதும். அத்தியாயத்தை மாற்ற எனக்கு ஒரு வருஷம். அவருக்குச் சொல்லிவிட்டதாக ஷெரினிடம் சொன்னேன். முத்துவீரனிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் தென்கரையில், யானை மிதித்த அவர் உடலை எடுத்தார்கள்.

விவரம் சேகரிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி யோகேஸ்வரி பிணவறை வாசலில் என் வரைபடத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவியதான் குடிசைய மாத்திட்டாவளே, பொறவு எப்படி சார்?"

நியாயமான கேள்வி. குறித்துக்கொண்டேன்.

அடுத்த கட்டுரையில் அதற்குப் பதிலும் எழுதினேன்: யானைகள் திடீரென்று தடம் மாறிவிட்டன. ஆதாரமாகத் தேதி, இடம், ஓர் உயிரிழப்பு. நானே நேரில் போய்ச் சேகரித்த ஒரே தகவல் அதுதான்.

கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் முத்துவீரன் பெயரைப் போட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் அதைக்கூட யார் செய்கிறார்கள்?