வளையும் தண்டு

"ஏனுங்க, உங்களுக்கு வளையற தண்டுதானுங்க ஒத்து வரும்."

பொள்ளாச்சி பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் கணவரிடம் சொன்னார். கணவர் மடியில் கோல்ஃப் பந்தைத் தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டைகள் இரண்டு; ஒன்றின் தண்டு வளையும், மற்றது விறைப்பு. அடித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளக் கடைக்காரர் கொடுத்தாராம்.

"இளவட்டமெல்லாம் விறைப்புத் தண்டுதான் வச்சிருக்கானுக, அம்மணி."

"அவனுக கை வேகமுங்க. நீங்க நிதானமா வீசறீங்க. அந்தக் காலத்துல ரேக்ளா பந்தயத்துக்கே வளையற சாட்டைக்குச்சிதான எடுத்தீங்க?"

"வயசாயிருச்சுன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமுங்க. விறைப்புல அடிச்சுப்போட்டு வந்தா, தோளுக்குத் தைலம் தேய்க்கறது அவிகளா, நானுங்களா?"

கிணத்துக்கடவு தாண்டியதும் அவர் விறைப்பு மட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளினார்.

"எதுல அடிச்சாலும் தைலம் நீதான் தேய்க்கோணும், அம்மணி."