காது கேட்காதவர்தான் வேண்டும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் காதில் மிஷின் வைத்திருந்தார்.

"எனக்கு காது சரியா கேக்காதுன்னதும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம், மேரி."

"யாருக்குக்கா?"

"யுனிவர்சிட்டில பாட்டையும் கம்ப்யூட்டரையும் வச்சி ஆராய்ச்சி பண்றாங்களே, அவங்களுக்கு. பாடச் சொல்லுவாங்களோன்னு பயந்துகினு போனேன். படிக்கிறவங்க அங்க சேர்ந்து படிக்கலாமாம். பாடுறவங்க பாடிக் குடுக்கலாமாம். என்னை மாதிரி ஆளு சும்மா உக்காந்து கேட்டு, காது மிஷின்ல பாட்டு எப்படி கேக்குதுன்னு சொன்னா போதுமாம்."

"என்னா கேட்டீங்க?"

"ஒரே பாட்ட மிஷினோட ஒருவாட்டி, மிஷின கழட்டிட்டு பெரிய ஹெட்போன்ல ஒருவாட்டி. மிஷின்ல சுதி ஆடுது. ஹெட்போன்ல ஆடாம நிக்குது."

"அப்போ சுதி போனது உங்களுக்கு இல்லியா?"

"இல்லியே! இந்த மிஷினு பேச்சுக்குன்னு செட் பண்ணதாம். பாட்டுக்கு வேற செட்டிங் வைக்கணுமாம். நேத்து காது டாக்டர்கிட்ட போயி வச்சிக்கினு வந்துட்டேன்."

"அட, இதுக்கா ரெண்டு வருஷமா மாதா கோயில் பாட்டுக்குழு பக்கமே வராம இருந்தீங்க?"

"நான் சுதி தப்புறேன்னு கீபோர்டு வாசிக்கிறவரு ஒவ்வொரு பாட்டுக்கும் மொறைச்சாரு. நானா ஒதுங்கிட்டேன்."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றது. சுற்றிலும் லாரிகளின் ஹாரன். மூத்தவர் அதையும் பொருட்படுத்தாமல் ஒரு பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். மேரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரியாத்தான் இருக்குதுக்கா. ஞாயித்துக்கெழம வந்துடுங்க."

"வர்றேன். அந்த கீபோர்டுக்காரருகிட்ட முன்னாடியே சொல்லி வை. தப்புக் கட்டைய அமுத்துனா, இனிமே நான் மொறைப்பேன்."