சத்தம் எங்க போகுது

— அத மட்டும் போடாதீங்க கஜாண்ணே. வேற ஏதாச்சும் போட்டுப் பாருங்க.

— வேற இன்னா கீது தங்கச்சி இதுல? பாட்டு ஒண்ணும் காணோம். எல்லாம் நீ பேசி ரெக்கார்டு பண்ணதுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு... இருவத்தேழு கீது. இன்னா, ரேடியோ ஸ்டேஷன் நடத்துறியா?

— நீங்கதானே போன்ல சொன்னீங்க. ஒவ்வொரு தடவ எதையாவது மாத்தினதும், மைக்ல பேசு, ரெக்கார்டு பண்ணு, போட்டுப் பாரு, சத்தம் வருதான்னு சொல்லுன்னு.

— அதுக்கு ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்னா போதுமே. தோ பாரு, இது ஒண்ணே பதினாலு நிமிசம் ஓடுது.

— முதல் நாள் ஹலோதான் சொன்னேன்.

— அப்பால?

— அப்புறம் ஹலோவோட நிறுத்த முடியல. அத விடுங்க. பாடிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, வேலையப் பாருங்க.

— ஒன்ற மணி நேரம் பஸ்ல நின்னுகினே வந்தேன். ஆவடி தாண்டி கோவில்பதாகை வர்றதுக்குள்ள இடுப்பு பூட்ச்சு. சரி, மொதல்லேந்து வரேன். மியூட்டு எடுத்தியா?

— எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரி அந்தக் கருப்பு ஜன்னலத் திறந்து, அல்சாமிக்ஸர்னு அடிச்சேன். நெட்டுக்குத்தா நின்ன சவுண்டு கம்பத்தையெல்லாம் உச்சி வரைக்கும் ஏத்தினேன். எம் எம்னு இருந்ததையெல்லாம் எடுத்துட்டேன்.

— ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?

— எத்தனை தடவன்னு கணக்கே இல்ல.

— ஹெட்போன் சொருவிப் பாத்தியா?

— அதுலயும் வரல. நான் டீச்சர்ணே, சொன்ன பாடத்த ஒழுங்கா செய்வேன். பேசாம லினக்ஸ தூக்கிட்டு விண்டோஸே போட்டுடுங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றாங்க.

— அந்தப் பேச்சே வேணாம்! இந்த லேப்டாப்புக்கு வயசு பதினொண்ணு. விண்டோஸ போட்டா மூச்சு முட்டிப் படுத்துக்கும். லினக்ஸ் போட்டதாலதான் இன்னும் உசுரோட கீது. சத்தம்தான் ஒரொரு டைம் பேஜார் பண்ணும், வாஸ்தவம். ஒத்துக்கிறேன். இரு, இந்தக் கடைசி ஃபைல போட்டு வுடுறேன்.

— வேணாம்னு சொன்னேன்ல!

— சத்தமே வராத பெட்டிக்கு இன்னாத்துக்கு பயப்படுற? தோ, கோடு ஒண்டி ஏறி எறங்குது பாரு. உள்ள ஓடுது. வெளியதான் வரல.

— தினமும் அஞ்சரை மணிக்கு ஸ்கூல் விட்டு வந்து அதத்தான் நானும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்க பாருங்க, கோடு சின்னதாயிடுச்சில்ல? இங்க அழுதேன். ஆனா பாத்தா போதுமாண்ணே? ஒரு தடவ என் காதால கேக்கணும். எப்படி இருக்குன்னு தெரியாம அவனுக்கு எப்படி அனுப்புறது?

— எவனுக்கு?

— அதான்... அவனுக்கு.

— தங்கச்சி, ஜெர்வினுக்கா?

— வேற யாரு இருக்கா எனக்கு? எங்க அண்ணனுக்குத்தான்.

— அடிப்பாவி! அவன் மாடிலதான கீறான். பதினெட்டு படி ஏறினா ஆச்சு. அவன் பேர எடுத்தா இந்த ஊட்டுக்கே வரக்கூடாதுன்னு சொன்னவ நீதான?

— நான்தான் சொன்னேன். இப்போ நான்தான் கேக்குறேன், மேல அவன் எப்படி இருக்கான்? உங்ககிட்ட பேசுறானா? சாப்புடுறானா? நடக்குற சத்தம் மட்டுந்தான் எனக்குக் கேக்குது. முன்ன சாயங்காலம் கீபோர்டு வாசிப்பான், ஒரு மாசமா அதுவும் இல்ல.

— நான் அவனோட பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அவன் பேசுற ஆளா? கேட்டா ம்னு சொல்வான். சரி, போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டி வுட வேண்டியதுதான?

— அதுல விரல எடுத்ததும் போயிடும்ணே. யோசிக்காம ஒரு தடவ அவன்கிட்ட பேசினேன். அது ஒண்ணே போதும்.

— கல்லறையிலயா?

— நீங்கதான் பக்கத்துல நின்னீங்களே.

— நின்னேன்.

— அம்மா பெட்டிய குழியில எறக்கிட்டாங்க. ஃபாதர் ஜெபம் முடிச்சாரு. எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போட்டாங்க. அவனும் குனிஞ்சு எடுத்தான். நான் போய் அவன் கையப் புடிச்சேன். நீ போடாத, உசுரு போறப்ப வராதவன் இப்ப மண்ணு போட வந்துட்டியான்னு கேட்டேன். சர்ச் பங்கு ஜனம் மொத்தமும் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெத்த அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போட விடலண்ணே நான்.

— அந்த மண்ண அவன் கீழயும் போடல, தெரியுமா? மூடின கையோடவே வெளிய நடந்து வந்தான். வண்டில என் பின்னாடி குந்திகினு வந்தப்ப கூட கை மூடித்தான் இருந்துச்சு.

— எனக்கு இது தெரியாதே. ஏன் சொல்லல நீங்க?

— எங்க சொல்ல வுட்ட? ரெண்டு வருசமா அவன் பேரயே எடுக்க வுடலியே.

— அம்மா உசுரு போன அன்னிக்கு அவன வேலூர் கச்சேரிக்கு அனுப்பினதே அவங்கதானாம். எனக்கு ஒண்ணும் இல்லடா, ஒத்துக்கிட்டதுக்குப் போயிட்டு வான்னு தள்ளி விட்டாங்களாம். ஞானகுமாரி சித்தி இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்தப்பதான் சொன்னாங்க. அவங்க மெழுகுவத்தி ஏத்திக்கிட்டே சாதாரணமா சொல்றாங்க. இவன் அத ஒரு தடவ கூட சொல்லலியேண்ணே.

— சொல்லிருந்தா நம்பிருப்பியா?

— மாட்டேன். அப்போ இருந்த கோவத்துல மாட்டேன்.

— அழுவாத. லேப்டாப்புல தண்ணி வுழுந்தா அப்பால அதையும் நான்தான் ரிப்பேர் பண்ணனும்.

— அவன் என்ன பெனிக்குட்டின்னு கூப்புடுவான். வாத்தியாரம்மா ஆனப்பறமும் தெருவுல வெச்சு அப்படித்தான் கத்துவான், எனக்கு வெக்கமா இருக்கும். இப்போ அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிப் போயிருக்கேன். இந்த கிறிஸ்மஸுக்குள்ள அனுப்பிடணும். நல்லா இருக்கிற ஒண்ணே ஒண்ண கேட்டு எடுத்து அனுப்பிடணும். அதுக்குத்தான் சத்தம் வேணும்.

— வர வெக்கிறேன். தள்ளிக்கோ. செட்டிங்ஸ்... சவுண்டு... அவுட்புட்டு. சே! இத போன்லயே கேட்டிருக்கணும். ஏன் வரலன்னு குடைஞ்சுகினு இருந்தோமே தவிர, எங்க போவுதுன்னு பாக்கல.

— போகுதா? எங்க?

— லேப்டாப் ஸ்பீக்கர்னு ஒண்ணு கீது. ஆனா டிக் மார்க்கு அதுல இல்ல. அடுத்தது புளூடூத்து. டிக்கு அதுலதான். பேர நீயே படி.

— கேரல் டப்பா.

— ஆங்.

— அது சர்ச் கொயர் ஸ்பீக்கருண்ணே. டிசம்பர்ல வீடு வீடா கேரல் பாடப் போறதுக்கு நானும் அவனும் வாங்கினது. அந்தப் பேரு கூட அவன் வெச்சதுதான். ஆனா அது இங்க இல்ல. மாடி அவனுக்கு, கீழ எனக்குன்னு பிரிச்சப்ப அவன் எடுத்துட்டுப் போயிட்டான்.

— மேலதான் கீது. உன் தலைக்கு நேரா. நடுவுல ஒரே ஒரு தளம், புளூடூத்துக்கு அதெல்லாம் ஜுஜுபி.

— எனக்குப் புரியல.

— எனக்குப் புரியுது. பிராக்டிஸுக்கு ஒவ்வொரு வாட்டியும் மாத்திகினு இருக்க முடியாதுன்னு, நான்தான் இதுல எழுதி வெச்சேன். அந்த டப்பா ஆன் ஆச்சுன்னா சத்தம் தானா அதுக்குப் போயிடும். சுத்தமா மறந்துட்டேன். போன மாசம் கேரல் பிராக்டிஸுக்கு அவன் அத தூசி தட்டி ஆன் பண்ணிருப்பான். என்ன செருப்பால அடி.

— அப்போ நான் போட்டுப் பாத்ததெல்லாம்?

— மேல கேட்டிருக்கும்.

— எல்லாமா?

— நீ மைக்ல பேசுறப்போ அங்க போவாது. திரும்பப் போட்டுக் கேக்கப் பாத்தல்ல, அப்போ போயிருக்கும்.

— மாதாவே! ஒவ்வொண்ணையும் நாலு தடவ, அஞ்சு தடவ போட்டேனே. சவுண்டு வரட்டும்னு ஃபுல்லா வேற வெச்சேனே. முதல் எட்டு, ஒம்போதுல அவனத் திட்டிதான் வெச்சிருக்கேன். ஏன்டா சொல்லல, வாயில என்ன கொழுக்கட்டையான்னு. அதுக்கப்புறம்தான் மன்னிப்பே கேட்டேன்.

— மன்னிப்பும் போயிருக்கும்ல?

— போயி? நேத்து வாசல் கேட்டுகிட்ட நேருக்கு நேரா வந்தான். என்னப் பாத்தான், தலையக் குனிஞ்சுகிட்டு படி ஏறிட்டான். ஒரு மாசமா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு வார்த்த பேசலியேண்ணே. அவனுக்கு நான் வேணாம். அவ்ளோதான். மாத்திடுங்க. டிக்க எடுத்து இதுலயே போடுங்க. இருவத்தேழையும் அழிச்சிடுங்க.

— அழிச்சுடலாம். அதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லு. நடுவுல என்னிக்காவது இதுல சத்தம் வந்துச்சா? ஒரு நாளு? ஒரு அஞ்சு நிமிசம்?

— வந்திருந்தா உங்கள ஏன் கூப்புடப் போறேன்? ஒரு நாள் கூட வரல.

— அரை மணி நேரம் சொம்மா கெடந்தா அந்த டப்பா தானா ஆஃப் ஆயிடும் தங்கச்சி. அது ஆஃப் ஆச்சுன்னா சத்தம் இங்க வந்துடும். இங்க ஒரு நாள் கூட வரலன்னா, டெய்லி நீ பேசுற நேரத்துக்கு அத ஆன் பண்ணி வெச்சுகினு ஒருத்தன் மேல குந்திகினு கீறான். இப்பவும் கீறான்.