டோப்பா வைத்த பிள்ளை

— என் உயிரை வாங்காதடி. அந்தத் தோள்மேல உட்கார்ந்திருக்கிறது நான்!

— நான்தான்க்கா. சார், நல்லாப் பாருங்க. அந்தக் காலு என் காலு மாதிரியே இல்ல?

— அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து நான் வந்ததே இந்த ஒரு பழைய படத்துக்காகத்தான். ஓட்டப் பந்தயத்துல முன்னால வந்தவர் வழி தப்பி உங்க தெருவுக்குள்ள ஓடி வர்றார். ஓரத்துல ஒரு ஆள், தோள்ல ஒரு குழந்தை. அந்த ஆள் உங்கப்பாங்கறீங்க. சரி, குழந்தை யாரு? நாலு மணிக்குள்ள படத்துக்குக் கீழ ஒரு பேரு போட்டாகணும்.

— மூஞ்சி தெரிஞ்சா இந்த வம்பே இல்லையே தம்பி. பாழாப்போன டோப்பா கண்ணு வரைக்கும் மறைக்குது.

— அப்பல்லாம் நெத்தியை மறைச்சு முடி விட்டுக்கிட்டு, கிட்டார் தட்டிக்கிட்டுப் பாடுவாங்களே சார், அந்தப் பசங்க முடி மாதிரியே பிளாஸ்டிக்ல டோப்பா வித்தாங்க. அப்பா கடைக்குக் கூட்டிட்டுப் போய் எனக்கு வாங்கிக் குடுத்தாரு.

— கடைக்கா? கேளுங்க தம்பி இந்தக் கூத்தை! சோப்புத்தூள் மூணு டப்பா வாங்கினா ஒரு டோப்பா இனாம். மனுஷன் மூணையும் ஒரே நாள்ல தூக்கிட்டு வந்துட்டாரு. ஆறு மாசம் வீடு பூரா நுரை. அம்மா வாய் ஓயவே இல்ல.

— சரி, சோப்புன்னே இருக்கட்டும். ரேடியோவை வாசப்படியில வச்சு அப்பா வர்ணனை கேட்டுட்டிருந்தாரு, அது எனக்குப் பளிச்சுனு ஞாபகம் இருக்கு.

— வாசப்படிக்கு ஒயர் எட்டினாத்தானே! ஜன்னல்ல வச்சிருந்தாரு. பந்தயம் ஆத்துப் பாலத்துல போகுதுன்னு ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தறான். ஓடறவன் என்னடான்னா நம்ம வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தாண்டி வர்றான்! என்னைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு அப்பா ஒரே ஓட்டமா ஓடினாரு.

— ஓடி, நல்லாக் கை தட்டினாரு.

— கை தட்டினது தெரு. புத்தி கெட்ட தெரு! அப்பா ஒருத்தர்தான், "தம்பி, இந்தப் பக்கம் இல்ல, திரும்பு"ன்னு கத்தினாரு. அந்த ஆளுக்குப் பாஷை புரியல, சிரிச்சுக் கையாட்டிட்டுப் போறான். விடல இவரு. கூடவே ஓடி, முக்கு திரும்பறதுக்குள்ள பனியனைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. நான் மேல குலுங்கறேன், அவர் முடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. என்ன பண்ணி என்ன, அவன் மூணாவதாத்தான் வந்தான். அன்னைக்கு அப்பா சாப்பிடல தம்பி. "இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கணும்"னு சொல்லிட்டே இருந்தாரு. எவனோ தோத்ததுக்கு இவரு பட்டினி!

— அம்மா, ஒரு நிமிஷம். படத்துக்குப் பின்னால முத்திரை இருக்கு. அறுபத்து நாலு, செப்டம்பர்.

— போச்சுடா! இவ பொறந்தது அறுபத்தஞ்சு பிப்ரவரி. அப்ப அம்மா வயித்துல இருந்தவ. உள்ள இருந்துக்கிட்டே டோப்பா மாட்டிக்கிட்டாளாம்!

— அது சர்டிபிகேட்ல வருஷம் தப்பாப் போட்டுட்டாங்கக்கா.

— தப்பா? இருடி, பீரோவுலேர்ந்து எடுத்துட்டு வந்து தம்பி கையிலயே குடுக்கறேன். முட்டி வலியோட என்னை எழுப்பி விடறா பாருங்க! விடாக்கண்டி! கூடப் பொறந்தவளா, கோர்ட்டு வக்கீலா?

— உள்ள போயிட்டாளா சார்?

— போயிட்டாங்க.

— அக்கா பேரையே போட்டுடுங்க.

— ஏம்மா, நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு! இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?

— கோவிச்சுக்காதீங்க. இந்தப் படம் எடுத்து ரெண்டு மாசத்துல அப்பா போயிட்டாரு. அவரு என்னைப் பாத்ததில்ல, நான் அவரைப் பாத்ததில்ல. எப்படி இருப்பாருன்னு அக்காகிட்ட கேட்டா, "இருந்தாரு, போனாரு"ன்னு எழுந்து போயிடுவா. அவகிட்ட கேட்டா வராது சார். தப்பாச் சொன்னாத்தான் வரும். அவரு பட்டினி கிடந்தது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— அம்மா...

— உஸ், பீரோ மூடற சத்தம் கேக்குது. அக்கா! அப்பாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாதுதானே?